கையில் ஊசி இல்லாதவள்

மெழுகு பூசிய நூல் தோலின் துளைக்குள் புகுந்து மறுபக்கம் இழுபடும்போது, பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுவதுபோல் "ஸ்ர்ர்க்" என்று ஒரு சத்தம் வரும். ஒருத்தி இழுத்தால் அது காதில் விழாது. ஒரு கூடம் நிறையப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து இழுத்தால் தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல் விடாமல் கேட்கும். ஆம்பூரில் எங்கள் தெருவில், ஜைத்தூன் காலா வீட்டுக் கூடத்தில், அந்தத் தூறல் ஞாயிற்றுக்கிழமைகூட ஓயாது. காலா என்றால் உருதுவில் சின்னம்மா. தமிழ் பேசுகிற வீட்டுப் பிள்ளைகளான எங்களுக்கும் அவர் காலாதான். ஷூ கம்பெனியிலிருந்து வெட்டித் துளை போட்ட தோல் துண்டுகள் மூட்டை மூட்டையாக அவர் வீட்டில் வந்து இறங்கும். பாதத்தின் மேற்பக்கத்தை மூடுகிற அந்தப் பாகத்துக்கு "அப்பர்" என்று பெயர். அதன் மூக்குப் பகுதியை மிஷினில் தைத்தால் வெளிநாட்டுக்காரன் மதிக்க மாட்டானாம், கையால்தான் தைக்க வேண்டும். எங்கள் தெருப் பெண்கள் ஆளுக்கொரு குவியலை எடுத்துக்கொண்டு, சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் பழந்துணி விரித்து உட்கார்ந்துவிடுவார்கள்.

கை ஓடும், வாய் சும்மா இருக்கும். சும்மா இருக்கிற வாய் சண்டைக்குத்தான் போகும் என்று பச்சையம்மா அக்கா சொல்வார். மூட்டைக்குப் பொறுப்பு ஜைத்தூன் காலா என்றால் வட்டத்துக்குப் பொறுப்பு பச்சையம்மா அக்கா. அவர் போட்ட சட்டம்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருத்தி சினிமாக் கதை சொல்ல வேண்டும், சொல்கிறவள் கையில் ஊசி இருக்கக் கூடாது.

"ஊசியப் புடிச்சிக்கினு சண்டக் காட்சி சொன்னா இன்னா சண்ட வரும்? எறும்பு சண்டதான் வரும்," என்பார்.

சரி, கதை சொல்கிறவள் வீட்டு வேலை என்ன ஆவது? அதற்கும் ஒரு வழி இருந்தது. கேட்கிற பெண்கள் ஒவ்வொருவரும் கதைக்காரியின் குவியலிலிருந்து ஒரு ஜோடியை எடுத்துத் தங்கள் மடியில் போட்டுக்கொள்வார்கள். அதற்கு "கதை ஜோடி" என்று பெயர். கதை முடிந்து எழும்போது கதைக்காரியின் குவியல் தைத்து முடிந்திருக்கும், அவள் கைவிரல் ஒன்றிலும் நூல் அறுத்த கோடு இருக்காது. ஏழெட்டு வருஷம் பள்ளிக்கூடம் போனதில் எனக்குக் கிடைக்காத மரியாதை, அந்தக் கூடத்தின் நடுவில் வெறுங்கையோடு உட்கார்ந்ததில் கிடைத்தது. ஆமாம், கதைக்காரி நான்தான். என் அம்மா தன் குவியலை முன்னால் தள்ளிவைத்துவிட்டு, ராஜமாதா மாதிரி சுற்றிப் பார்க்கும் அந்தப் பார்வைக்காகவே நான் இன்னும் நூறு படம் பார்த்திருப்பேன்.

எனக்கு அந்தப் பதவி வந்ததற்குத் திறமை காரணம் இல்லை, தாய்மாமன் காரணம். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தியேட்டரில் அவர் டிக்கெட் கிழிப்பவர். சனிக்கிழமை மேட்னிக்கு நான் போய் நின்றால் முதுகில் ஒரு தட்டு தட்டி உள்ளே அனுப்பிவிடுவார். பார்த்ததை நான் மறுநாள் அப்படியே ஒப்பிப்பேன். எந்தச் சட்டை, எந்த ஊர், எந்தப் பாட்டுக்கு முன்னால் எந்த அழுகை, ஒன்றும் பிசகாது. கெட்டிக்காரி என்றார்கள். "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்று ஒரு பழமொழி உண்டு. அது என்னைக் குறித்தது என்று தெரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

அந்தப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போகிறேன். இப்போது படித்த பிள்ளைகள் அவற்றை "மசாலா" என்று உதட்டைச் சுழிக்கிறார்கள். ஒரே படத்தில் அடிதடி இருக்கும், தங்கச்சி கல்யாணம் இருக்கும், கோர்ட் இருக்கும், அம்மன் கோயில் இருக்கும். நாவிதன் வேஷத்தில் ஒருவன் வந்து சிரிக்கவைப்பான். செத்த அண்ணன் பிணத்தை எடுத்த மறு நிமிஷம் கதாநாயகி ஆற்றில் நனைந்துகொண்டு பாடுவாள். இது என்ன கூத்து, துக்கப்படமா சண்டைப்படமா பாட்டுப்படமா, ஏதாவது ஒன்றாக இருக்கக் கூடாதா என்று கேட்கிறார்கள். எங்கள் தெருவில் எது ஒன்றாக இருந்தது? ஒரு வீட்டில் சாவு மேளம், அடுத்த வீட்டில் வளைகாப்பு, எதிர்வீட்டில் தெலுங்கில் சண்டை, கோடிவீட்டில் உருதுவில் சமாதானம், எல்லாம் ஒரே சாயங்காலம். வாரம் முழுக்கக் குனிந்த தலை நிமிராத பெண்களுக்கு அழுவதற்கு ஒரு நாள், சிரிப்பதற்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ள வசதி இல்லை. இருக்கிற ஒரு மத்தியானத்தில் எல்லாமும் நடந்தாக வேண்டும். அந்தப் படங்களை எடுத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. கதை சொன்ன எனக்குத்தான் தெரியவில்லை.

அப்படி இருக்கும்போது பேரணாம்பட்டிலிருந்து ஷாகிரா வந்தாள்.

ஜைத்தூன் காலாவின் தங்கை மகள் அவள். அவள் அப்பாவுக்கு ஆம்பூர்த் தோல் ஷெட்டில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வந்து காலா வீட்டு மாடியில் குடியேறினார்கள். என் வயதுதான், என் உயரம்கூட இல்லை. முன்பல் ஒன்று கொஞ்சம் மேலேறி இருக்கும். பேசும்போது அந்தப் பல்லை உதட்டால் மூடப் பார்ப்பாள், பேச்சு சுவாரசியமானால் மறந்துவிடுவாள். முதல் ஞாயிற்றுக்கிழமை சுவரோரமாக உட்கார்ந்து என் கதையைக் கேட்டாள். முடிந்ததும் எல்லாரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழ, இவள் மட்டும் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"வில்லனோட பொண்டாட்டி இன்னா ஆனா?"

"அவ அப்புறம் வரல," என்றேன்.

"அவ்ளோ நல்லவ, சொல்லிக்காம போய்ட்டாளா? அப்டி இருக்காது." பிறகு அவளே சொன்னாள். அந்தப் பெண் ஜெயில் வாசலில் தினமும் சோற்று டப்பாவோடு நிற்கிறாளாம். புருஷன் வாங்க மாட்டேன் என்கிறானாம். ஒருநாள் மழையில் டப்பாவுக்குள் தண்ணீர் நிறைந்துவிடுகிறதாம். அவ்வளவுதான். கதவுவரை போன பெண்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். வில்லன் பெண்டாட்டிக்காகக் கூடம் முழுக்க மூக்கை உறிஞ்சியது. படத்தில் இல்லாத டப்பா, படத்தில் இல்லாத மழை. எனக்கு வயிற்றில் பச்சைமிளகாயை நசுக்கிவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்தடுத்த வாரங்களில் "ஷாகிரா, நீ ஒண்ணு சொல்லேன்" என்று ஆரம்பித்தார்கள். அவளுக்கு இந்திப் படமும் தெரியும், தமிழ்ப் படமும் தெரியும், இரண்டும் அவள் வாயில் ஒரே படமாகிவிடும். ஒரு வாரம் எனக்குக் கதை ஜோடி, ஒரு வாரம் அவளுக்கு என்று ஆனது. அவள் வாரத்தில் என் கையில் ஊசி வந்தது. அவள் பெயருக்கு நான் தைக்க வேண்டும். இதைவிட ஒரு தண்டனையை எந்தப் படத்து வில்லனும் யோசித்ததில்லை.

அம்மாவுக்கு என் முகம் தெரிந்தது. "பொறாம பொட்டியில வெச்ச கர்ப்பூரம்டி. தெறந்தாலும் கரையும், தெறக்காட்டியும் கரையும்," என்றார். எனக்கு அது கரைகிற ஜாதியாகத் தெரியவில்லை.

இரட்டைத் தலைமை பச்சையம்மா அக்காவுக்கும் பிடிக்கவில்லை. "ஒரு ஒறையில ரெண்டு கத்தி பேஜாரு," என்று ஒருநாள் தீர்ப்புச் சொன்னார். "வர்ற சனிக்கெழம புதுப் படம். ரெண்டு பேரும் போய்ப் பாருங்க. ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் சொல்லுங்க. யாரு சொல்றப்ப ஊசி நிக்குதோ அவதான் இனிமே கதக்காரி. தோத்தவ ஊசியப் புடிச்சிக்கினு உக்காரணும். அழக் கூடாது."

கதை நன்றாக இருக்கிறதா என்பதை எங்கள் கூடத்தில் யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. அந்த "ஸ்ர்ர்க்" சத்தமே சொல்லிவிடும். கதை தொய்ந்தால் நூல் வேகமாக ஓடும். கதை பிடித்தால் மெதுவாகும். உயிர் போகிற இடத்தில் ஒரு ஊசியும் அசையாது, கூடத்தில் மூச்சுவிடுவதுகூடக் கேட்கும். அப்படி ஒரு நிசப்தம் எனக்கு அதுவரை இரண்டொரு தடவைதான் வாய்த்திருந்தது. அதுவும் கொஞ்ச நேரத்துக்கு.

சனிக்கிழமை மேட்னிக்கு நானும் அவளும் போனோம். அவளோடு காலாவின் மூத்த மகள் வந்தாள். மாமா எனக்கு மட்டும் முதுகில் தட்டினார், அதில் எனக்கு ஒரு அற்பத் திருப்தி. படம் வழக்கமான படம்தான். திருவிழாக் கூட்டத்தில் அம்மாவைத் தொலைத்த பையன் வளர்ந்து அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறான். முதலாளி மகள் அவனைக் காதலிக்கிறாள். முதலாளிக்கு அரிசிக்குள் ஏதோ கடத்துகிற வேலை. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் இரும்புக் கம்பியால் கதாநாயகன் தலையில் ஒரே போடு. கண் சொருகுகிறது. திரை கருப்பாகிறது.

கருப்பாகி அப்படியே நின்றது.

அந்தக் காலத்தில் ஒரு படப்பெட்டியை ஆம்பூரும் வாணியம்பாடியும் பங்கு போட்டுக்கொள்ளும். அங்கே காட்சி முன்னால் தொடங்கும். ஓடி முடிந்த ரீலை ஒருவர் மொபெட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு இங்கே பறந்து வருவார். இவர் நேரத்துக்கு வந்து சேர்ந்தால்தான் எங்கள் ஊரில் படம் ஒழுங்காக ஓடும். அன்றைக்கு கூட்ஸ் வண்டி ஒன்று ரயில்வே கேட்டை மறித்துக்கொண்டு நின்றுவிட்டது. மொபெட் அந்தப் பக்கம், தியேட்டர் இந்தப் பக்கம். உள்ளே விசில், நாற்காலியைத் தட்டுகிற சத்தம். ஆபரேட்டர் கையை நீட்டி, அறையில் கிடந்த ஏதோ பழைய இந்திப் படத்தின் பாட்டு ரீலை எடுத்து மாட்டிவிட்டார். திரையில் திடீரென்று பனிமலை. சிவப்பு ஸ்வெட்டர் போட்ட யாரோ ஒருவன், மஞ்சள் சேலை கட்டிய யாரோ ஒருத்தி, இரண்டு பேரும் பனியில் உருண்டு உருண்டு இந்தியில் பாடினார்கள். பாட்டு முடிவதற்கும் ரீல் வந்து சேர்வதற்கும் சரியாக இருந்தது. கதாநாயகன் ஆஸ்பத்திரியில் கண் விழித்தான். பக்கத்துக் கட்டிலில் வெள்ளைச் சேலையில் ஒரு கிழவி. பார்த்த மாத்திரத்தில் "அம்மா" என்றான்.

வெளியே வரும்போது மாமாவிடம் விசாரித்தேன். "கேட்டப் போட்டுட்டான், ரீலு வரல. அந்தப் பாட்டு இந்தப் படமே இல்ல," என்றார். எனக்குக் கால் தரையில் படவில்லை. அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நான் முதலில் சொன்னேன். நூல் பிடித்த மாதிரி சொன்னேன். தலையில் அடி விழுகிற இடத்தில் சத்தம் மெதுவானது; எனக்கு உடம்பு சிலிர்த்தது. "அப்புறம் ரீலு வரலன்னு நடுவுல ஏதோ வேற பாட்டப் போட்டாங்க, அது படத்துல இல்ல, அத உட்ருங்க," என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நூல் மறுபடி ஓடத் தொடங்கியது. கடைசிவரை நிற்கவே இல்லை.

பிறகு ஷாகிரா. முதல் பாதியை அவள் எனக்கு மேலாகச் சொன்னாள் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கம்பி தலையில் விழுந்தது. கையைக் கண்முன் மெல்ல இறக்கி இருட்டைக் காட்டினாள். கொஞ்சம் பொறுத்தாள்.

"மயக்கத்துல ஒரு மல தெரியுது," என்றாள். "வெள்ள வெளேர்னு பனி. அதுல ஒரு ஆம்பள, செவப்பு ஸ்வெட்டரு. ஒரு பொம்பள, மஞ்சச் சேல. யாரு தெரியுமா?"

எல்லாரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"இவனோட அப்பாவும் அம்மாவும். கல்யாணம் ஆன புதுசு. அப்பா மிலிட்டரி. காஷ்மீர்ல டூட்டி. அதான் இந்தில பாடறாங்க, அங்க எல்லாரும் இந்திதான். இவன் அப்ப பொறக்கவே இல்ல. பொறக்காதவன் எப்டிப் பாத்தான்? வயித்துக்குள்ள இருந்து பாத்தான்."

ஊசிகள் நின்றன. ஒவ்வொன்றாக இல்லை, மொத்தமாக. தூறல் விட்டு வானம் வெளித்த மாதிரி. பச்சையம்மா அக்காவின் நூல் பாதி இழுத்த நிலையில் நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். என் அம்மாவின் ஊசியும் நின்றிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"கண்ணு முழிக்கறான்," என்றாள் ஷாகிரா, குரலை இறக்கி. "பக்கத்துக் கட்டில்ல வெள்ளச் சேல கட்டின கெழவி. மஞ்சளு போச்சு, வயசு போச்சு. ஆனா மூஞ்சி? பனில பாத்த அதே மூஞ்சி."

கூடமே அழுதது. நான் எழுந்து நின்றேன். "பொய்யி. அது வேற படத்து ரீலு. கேட்டப் போட்டுட்டான்னு மாமா சொன்னாரு."

ஷாகிரா என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். "உங்க மாமா டிக்கெட் கிழிக்கறவருதானே? கத எழுதினவரா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும்.

"ஏன்டி வசந்தி," என்று பச்சையம்மா அக்கா என்னைக் கேட்டார். "அந்தப் பாட்டு இல்லன்னா கெழவிய அம்மான்னு அவன் எப்டிக் கண்டுபுடிச்சான்?"

"படத்துல சொல்லல."

"சொல்லாம உடுவானா? அத்தினி பேரு சேந்து எடுக்கறான். அதுக்குத்தான்டி பாட்டு வெச்சிருக்கான்."

ஜைத்தூன் காலா என் தலையைத் தடவிக்கொண்டே என்னைக் கொன்றார். "நீ சொல்றது குஸ்கா கண்ணு. சோறு பக்குவமாத்தான் கீது. பீஸுதான் இல்ல." பிரியாணியில் கறித்துண்டு இல்லாமல் அள்ளி வைக்கிற வெறும் சோற்றுக்கு எங்கள் பக்கம் குஸ்கா என்று பெயர். அன்றிலிருந்து கொஞ்ச காலம் தெருவில் எனக்கும் அதுதான் பெயர்.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் ஆறியிருப்பேன். அடுத்த சனிக்கிழமை பெண்கள் எல்லாரும் ஊசியை வைத்துவிட்டுக் கூட்டமாக அந்தப் படத்துக்குப் போனார்கள். அன்று ரீல் நேரத்துக்கு வந்துவிட்டது. கம்பி விழுந்தது, திரை கருத்தது, அடுத்த நொடி ஆஸ்பத்திரி. பனியும் இல்லை, மலையும் இல்லை. என் பக்கம்தான் உண்மை என்று இனி ஊருக்கே தெரிந்துவிடும் என்று நான் தியேட்டர் வாசலில் காத்திருந்தேன். படம் விட்டு வந்தவர்கள் நேராக என் மாமாவைப் பிடித்தார்கள்.

"பனிமலப் பாட்டு எங்க? வெட்டிட்டீங்களா? போன வாரம் பாத்தவங்களுக்கு மட்டும் ஜாஸ்தி, எங்களுக்குக் கம்மியா?" என்று பச்சையம்மா அக்கா கேட்டார்.

"யம்மா, அது படத்துலயே இல்லம்மா. அன்னிக்கு ரீலு..."

"கேட்டு மேல பழி போடாத. அம்மாவையும் புள்ளையையும் சேத்து வெக்கற பாட்டு அது. அத வெட்டுனா பாவம் சுத்தும்."

மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் என்ன செய்ய? சொல்லிப் பார்த்தவள்தானே. கூட்டம் நகரவில்லை. கடைசியில் தியேட்டரில் என்ன யோசித்தார்களோ, மறுநாளிலிருந்து, கம்பி விழுந்ததும் அந்தப் பழைய இந்திப் பாட்டை வேண்டுமென்றே மாட்டினார்கள். பெட்டி ஊரைவிட்டுப் போகும்வரை, உலகத்தில் வேறு எங்கும் இல்லாத அந்தப் படம் ஆம்பூரில் மட்டும் ஓடியது. ஷாகிரா சொன்ன பொய்க்காகப் படம் தன்னைத் திருத்திக்கொண்டது. நான் சொன்ன உண்மைக்குச் சாட்சியாக இருந்த ஒரே ஆளான என் மாமா, அந்தக் காட்சிக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

நானும் போய்ப் பார்த்தேன், வீம்புக்கு. பனி வந்தது, பச்சையம்மா அக்கா விரலை மடித்து விசில் அடித்தார். பிறகு அவன் கண் விழித்து "அம்மா" என்றான். என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. போன தடவை பார்த்தபோது வரவில்லை. அந்தக் கண்ணீரைத் துடைக்கும்போது எனக்கு அவள்மேல் வந்த ஆத்திரத்தை எந்தப் பாஷையில் எழுதுவது என்று இன்றுவரை தெரியவில்லை.

அவள் என்னிடம் பகையே பாராட்டவில்லை. "வசந்தி, நாம தோஸ்தா இருக்கலாம். எனக்குப் பாட்டு வராது, காக்கா கத்தற மாரி கீது. பாட்டெல்லாம் நீ பாடு, சண்டை எல்லாம் நான் போடறேன். ஜோடியப் பங்கு போட்டுக்கலாம்," என்று ஒருநாள் மாடிப்படியில் வழிமறித்துக் கேட்டாள். "எனக்குத் தைக்கிற வேல கீது," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ராஜ்ஜியத்தை இழந்தவளிடம் போய் அரண்மனையில் பாட்டுப் பாடுகிறாயா என்று கேட்டால் எப்படி இருக்கும்? இன்றைக்குக் கேட்டாலும் அதே பதில்தான் சொல்லுவேன்.

அவள் நடுவில் உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமைகள் அதன்பிறகு நிறையப் போயின. நான் சுவரோரம் உட்கார்ந்து அவள் பெயருக்குத் தைத்தேன். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. எங்கே நிறுத்துகிறாள், எந்தச் சொல்லுக்கு முன்னால் எச்சில் விழுங்குகிறாள், சண்டை முடிந்ததும் ஏன் உடனே ஒரு சிரிப்பை வைக்கிறாள் என்று எல்லாவற்றையும் கவனித்தேன். வீட்டில் ஆள் இல்லாதபோது கண்ணாடிமுன் நின்று அவள் மாதிரி கையை இறக்கி இருட்டைக் காட்டிப் பார்த்தேன். அவள் கையில் இருட்டு வந்தது, என் கையில் கைதான் வந்தது.

அப்புறம் அவள் அப்பாவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்து அவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். பச்சையம்மா அக்கா என்னை நடுவில் உட்காரச் சொன்னார். ஊசியை வாங்கிக்கொண்டார். என் கை காலியாக இருந்தது, எத்தனை நாள் ஏங்கிய காலி. வாயைத் திறப்பதற்குள் ஒருத்தி சொன்னாள், "ஷாகிரா மாரி சொல்லு."

முயற்சி செய்தேன். ஒரு குடும்பப் படத்தில், சும்மா, நடுவில் ஒரு நாகப்பாம்பை விட்டேன். "பாம்பு இன்னாத்துக்குடி வந்துச்சு?" என்று காலா கேட்டார். ஷாகிரா விட்டிருந்தால் அந்தப் பாம்புக்கு ஒரு தாய் வீடு இருந்திருக்கும், புருஷன் இருந்திருப்பான், அந்தக் குடும்பத்தோடு ஒரு பழைய கணக்கு இருந்திருக்கும். கொஞ்ச வாரங்களில், யாரும் நிறுத்தச் சொல்லாமலே, நான் ஊசியை எடுத்துக்கொண்டேன். பிறகு வீட்டுக்கு வீடு டி.வி. வந்தது, அந்த வட்டமும் போனது.

போன மாதம் ஜைத்தூன் காலாவின் பேத்திக்கு ஆம்பூரில் நிக்காஹ். வேலூரிலிருந்து நானும் என் மகளும் போயிருந்தோம். அந்தத் தியேட்டர் இப்போது ஷூ அட்டைப்பெட்டி அடுக்குகிற குடோன். ரயில்வே கேட்டில் எத்தனை நேரம் நின்றாலும் இனி எந்தப் படமும் காத்திருக்கப்போவதில்லை. அப்பர் தைக்கிற பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொருத்தி காதிலும் ஒரு வயர் தொங்குகிறது. அவளவள் படம் அவளவள் காதுக்குள் ஓடுகிறது. பச்சையம்மா அக்காவும் என் அம்மாவும் இல்லை.

மண்டபத்தில் பெண்கள் பக்கத்தில் ஷாகிரா உட்கார்ந்திருந்தாள். பெருத்துவிட்டாள், கண்ணாடி போட்டிருந்தாள், அந்தப் பல் அப்படியே இருந்தது. எனக்கு முதலில் அவள் தெரியவில்லை, வயிற்றில் நசுங்கிய பச்சைமிளகாய்தான் தெரிந்தது. சாப்பாட்டுக்குக் காத்திருந்த நேரத்தில் பேச்சு சினிமாவுக்கு வந்தது. ஐந்து பாஷையில் ஒரே நாளில் வந்திருக்கிற பெரிய படம். நானும் மகளும் வேலூரில் பார்த்திருந்தோம். அதிலும் அடிதடி, அம்மா, கோயில், கோர்ட், சிரிப்பு, பாட்டு எல்லாம் இருக்கிறது. இப்போது அதற்கு உலகமெல்லாம் மவுசாம். காலா வீட்டு மருமகள் என்னிடம், "படம் எப்டி?" என்றாள். ஷாகிராவிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"மொதல்ல ஒரு குகை. உள்ள ஒரு கொழந்த அழற சத்தம்..."

"அம்மா, கதைய சொல்லாத. அவங்கள்லாம் இன்னும் பாக்கல," என்றாள் என் மகள்.

"ஐயோ ஆன்ட்டி, ஸ்பாய்லர் வேணாம்," என்று சின்னப்பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மருமகளும் பொத்திக்கொண்டாள். ஒரு காலத்தில் நாங்கள் அடித்துக்கொண்ட ஒரு பதவி, இன்றைக்கு ஒரு கெட்ட பழக்கம். கதை சொல்லு என்று கேட்ட ஊரில், கதையைச் சொல்லிவிடாதே என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.

ஷாகிரா நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். "எனக்குச் சொல்லு. நான் எங்க தியேட்டருக்குப் போறேன்? படம் போட்டா தூக்கம் வந்துடுது."

"நீ சொல்லேன் ஏதாச்சும்," என்றேன். "பனிமல கத சொல்லு."

"எந்தப் பனிமல?" அவளுக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. நான் அதை ஒரு சொல் விடாமல் வைத்திருக்கிறேன், அவள் தொலைத்துவிட்டிருக்கிறாள். மறப்பதற்கும் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

சொன்னேன். குகையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். அவள் கேட்டாள். குழந்தை அழுகிற இடத்தில் அவள் கை தானாகத் தன் மார்புக்குப் போனது. வில்லன் வந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நகைச்சுவை வருவதற்கு ஒரு நொடி முன்னாலேயே அவள் உதடு துடிக்க ஆரம்பித்தது; அதைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்து கதை நன்றாகிவிட்டது. நான் தாண்டிப் போகப்பார்த்த இடத்தில், "நில்லு, அந்தப் பொண்ணு இன்னா ஆனா?" என்று கேட்டாள். சாவுக் காட்சியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, துடைக்கவும் தோன்றாமல் அப்படியே அழுதாள். காதைப் பொத்திய பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கையை எடுத்தார்கள். நாற்காலிகள் ஒவ்வொன்றாக எங்கள் பக்கம் நகர்ந்தன. பந்திக்குக் கூப்பிட்டார்கள், யாரும் எழவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு எனக்கு ஒரு நிறைந்த கூடம். நிமிர்ந்து பார்த்தேன். ஒருத்தியும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எல்லாரும் ஷாகிராவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த என் மகள் சொன்னாள்: "அந்த ஆன்ட்டி எவ்ளோ அழகா கதை கேக்கறாங்க இல்லம்மா."

பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டும்வரை நான் அவளிடம் பேசவில்லை.